கல்கத்தா குரங்கும் கம்பம் பள்ளத்தாக்கும்: குரங்கு மலேரியாவின் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் ஓ.பி.க்கு வந்தார். சண்முகாநதி அணைப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருப்பவர். சுகருக்கு மாத்திரை வாங்க வந்தவர், எழுந்து போகாமல் தயங்கினார். "சார், எம்மவன் மலேசியாவுல பகாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல இருக்கான். காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ரத்தத்தைப் பாத்துட்டு கொரங்கு மலேரியான்னு சொல்றாகளாம். அவன் கொரங்கு வளக்கலையே சார்? கடிக்கவும் இல்லைங்கிறான்."

கூட இருந்த உறவுக்காரப் பையன் வாட்ஸ்அப்பில் வந்த எதையோ காட்டி, "குரங்கு அம்மையாம்" என்று வேறு சொல்லி அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தான்.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். குரங்கு அம்மை வேறு, அது வைரஸ். 1957இல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த, நம்ம ஊரில் 'குரங்குக் காய்ச்சல்' என்று சொல்கிற நோய் வேறு. அதுவும் வைரஸ்தான், உண்ணி கடித்து வருவது. இங்கே நான் பேசப்போவது மலேரியா. குரங்கின் ரத்தத்தில் குடியிருக்கும் மலேரியாக் கிருமி, கொசு வழியாக மனிதனுக்கு வருவது. குரங்கு கடித்து வராது, குரங்கைத் தொட்டாலும் வராது. குரங்கைக் கடித்த கொசு நம்மைக் கடிக்கணும்.

பெரியவரிடம் இவ்வளவுதான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது. வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். மீதிக் கதை உங்களுக்கு.

கதை தொடங்குகிற இடம் மலேசியா இல்லை. நம்ம நாடுதான்.

1931. கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. அங்கே எல்லாருக்கும் கவலை காலா அசார் பற்றி. அந்த ஆராய்ச்சிக்காக வாங்கிய குரங்குகளில் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த நீளவால் குரங்கு. கேம்ப்பெல் என்ற மருத்துவர் அதன் ரத்தத்தைப் பார்த்தபோது, அதுவரை பார்க்காத ஒரு மலேரியாக் கிருமி தெரிந்தது. அவரோடு வேலை பார்த்த நேப்பியர் அந்த ரத்தத்தை வேறு குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார். அதில் ஒன்று வட இந்தியாவின் ரீசஸ் குரங்கு. சிங்கப்பூர் குரங்கு ஒன்றும் நடக்காதது மாதிரி திரிந்துகொண்டிருக்க, ரீசஸ் குரங்குக்கு நோய் காட்டுத்தீயாய் ஏறியது.

இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைச்சுக்கோங்க. ஒரே கிருமிதான். பழகிய உடம்பில் சாதுவாக இருக்கிறது, பழகாத உடம்பில் கொல்கிறது.

கிருமி அடுத்து ராபர்ட் நோல்ஸ், பி.எம்.தாஸ் குப்தா இருவர் கைக்கும் வந்தது. அவர்கள் அதை நுணுக்கமாக ஆராய்ந்து, மனிதர்களுக்கும் ஊசி மூலம் ஏற்றி, மனித உடம்பிலும் இது வளரும் என்று 1932இல் எழுதினார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் சோதனை. அன்று நடந்தது.

அதே ஆண்டு கசௌலியில் இருந்த இந்திய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் சிண்டனும் முல்லிகனும் இதற்குப் பெயர் வைத்தார்கள்: பிளாஸ்மோடியம் நோலெசி. இந்த சிண்டன் ஒரு தனிப் பிறவி. 1916இல் மெசபடோமியப் போர்க்களத்தில் இரண்டு கையிலும் விலாவிலும் குண்டு பாய்ந்த பிறகும் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்ததற்காக விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அந்தப் பதக்கத்தையும் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியையும் சேர்த்துப் பெற்ற ஒரே மனிதர். பெயர் வைத்தது நோல்ஸை கௌரவிக்க. முதலில் பார்த்த கேம்ப்பெல் பெயரும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து உழைத்த தாஸ் குப்தா பெயரும் இல்லை. துறைத் தலைவர் பெயர்தான் நின்றது. டிபார்ட்மென்ட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

சிண்டனும் முல்லிகனும் கவனித்த முக்கியமான விஷயம், இந்தக் கிருமியின் வேகம். மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அணுவை உடைத்து வெளியே வரும். உடைக்கும்போதுதான் குளிரும் காய்ச்சலும். வைவாக்ஸுக்கும் ஃபால்சிபாரத்துக்கும் இந்தச் சுற்று 48 மணி நேரம், மலேரியேவுக்கு 72. நோலெசிக்கு வெறும் 24. தினமும் ஒரு சுற்று. நேற்று இருந்ததைவிட இன்று பல மடங்கு. அதனால்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற நம் பழக்கம் இந்த நோயிடம் செல்லாது.

அப்புறம் கொஞ்ச காலம் இந்தக் கிருமிக்கு விநோதமான ஒரு உத்தியோகம் கிடைத்தது. பென்சிலின் வராத காலம். சிபிலிஸ் முற்றி மூளைக்கு ஏறியவர்களுக்கு, மலேரியாவை ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்து வைத்தியம் செய்வார்கள். இதைக் கண்டுபிடித்த வாக்னர் யாரெக்குக்கு 1927இல் நோபல் பரிசே கிடைத்தது. 1930களில் நோலெசியையும் இதற்கு எடுத்துக்கொண்டார்கள். ருமேனியாவில் சியூகா ஒரு நோயாளியின் ரத்தத்தை அடுத்தவருக்கு, அவருடையதை அடுத்தவருக்கு என்று ஏறத்தாழ 170 கை மாற்றிய பிறகு, கிருமி அடக்க முடியாத அளவுக்கு முரடாகிப்போய் நிறுத்த வேண்டியதாயிற்று. மனித உடம்புக்கு அது பழகிக்கொண்டே வந்தது என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டால்தானே வருகிறது, காட்டில் தானாக வராதே என்று நினைத்தார்கள்.

நடுவில் சென்னைக்கு ஒரு எட்டு போய்ட்டு வரலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு இயக்குநராக இருந்தவர் ஷார்ட். அங்கே மேனன், ஐயர் ஆகியோருடன் கோழி மலேரியாவை ஆராய்ந்தவர். பின்னாளில் லண்டனில் கார்ன்ஹாமுடன் சேர்ந்து 1948இல் ஒரு பெரிய புதிரை அவிழ்த்தார். கொசு கடித்த உடனே ரத்தத்தில் கிருமி தெரிவதில்லை, சில நாள் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. எங்கே? கல்லீரலில். இதைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு குரங்கு மலேரியாதான், பெயர் சைனோமோல்கி. இந்தப் பெயரையும் ஞாபகம் வைங்க, கடைசியில் நம்ம மலைக்கு வரும்போது தேவைப்படும்.

1960இல் அமெரிக்காவின் மெம்பிஸ் ஆய்வகத்தில் டான் ஐல்ஸ் என்ற விஞ்ஞானிக்கே சைனோமோல்கி தொற்றியது, தற்செயலாகக் கொசு கடித்து. அதாவது ஊசி தேவையில்லை, கொசுவே போதும். அப்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குரங்கிடம் மலேரியா இருந்தால், உலகத்தில் மலேரியாவை ஒழிக்கும் திட்டம் என்னாவது?

ஐந்தே வருஷத்தில் விடை வந்தது. 1965, பகாங் காடு. ஆமாம், பெரியவர் மகன் இருக்கும் அதே பகாங். அமெரிக்க நில அளவையாளர் ஒருவர், வயது 37, காட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது காய்ச்சலில் விழுந்தார். ரத்தத் தடவலைப் பார்த்தவர்கள் முதலில் ஃபால்சிபாரம் என்றார்கள், பிறகு மலேரியே என்றார்கள். அவர் ரத்தத்தை அட்லாண்டா சிறையில் இருந்த தன்னார்வலர்களுக்கு ஏற்றி, அங்கிருந்து ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் செத்தன. மனித மலேரியாவாக இருந்தால் ரீசஸ் குரங்கு சாகாது. இது நோலெசி.

உடனே மலேசியக் காட்டோரக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்துக் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. 'அபூர்வ நிகழ்வு' என்று எழுதி கோப்பை மூடினார்கள். அடுத்த முப்பது வருஷம் யாரும் திறக்கவில்லை.

திறந்தவர்கள் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும். சரவாக் மாநிலம், ராஜாங் நதிக்கரையில் கபிட் என்ற ஊர். அங்கே ஆஸ்பத்திரி நுண்ணோக்கியில் 'மலேரியே' என்று எழுதப்பட்ட நோயாளிகள் குவிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் மலேரியே ஒரு சோம்பேறிக் கிருமி. ரத்தத்தில் எண்ணிக்கை அதிகம் ஏறாது, ஆளைப் படுக்கையில் தள்ளுவதும் அபூர்வம். இவர்களோ நன்றாகவே நோய்வாய்ப்பட்டிருந்தார்கள், கிருமி எண்ணிக்கையும் ஏகத்துக்கு. மரபணுப் பரிசோதனை செய்தால் மலேரியே இல்லவே இல்லை. 2004இல் லான்செட் இதழில் கணக்கு வெளியானது: 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு, அதாவது 58 சதவீதம் பேருக்கு, குரங்கின் நோலெசி.

பிறகு 1996ஆம் ஆண்டின் பழைய கண்ணாடித் தகடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். மலேரியே என்று முத்திரை குத்திய 36இல் 35 நோலெசி. ஆக, நோய் புதுசாக வரவில்லை. எப்போதும் இருந்தது, நாம்தான் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தோம். நுண்ணோக்கியில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வளர்ந்த கிருமி சிவப்பணுவுக்குக் குறுக்கே பெல்ட் மாதிரி படுத்திருக்கும். லேப் டெக்னீசியனைக் குறை சொல்லவே முடியாது.

ஆனால் அந்தத் தவறான பெயருக்கு விலை இருந்தது. 2008இல் அதே குழு நான்கு மரணங்களை எழுதியது. நான்கு பேருக்கும் தடவலில் மலேரியே என்றே பதில் வந்திருந்தது. வயிற்று வலியும் இருந்தது. 'மலேரியேதானே, சாதுவான ஆளு' என்ற நிம்மதியோடு ஒரு மருத்துவர் வார்டில் அடுத்த படுக்கைக்கு நகர்வதைக் கற்பனை செய்து பாருங்க. அங்கே 24 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, யாருக்கு வருகிறது, வந்தால் எப்படிப் படுத்துகிறது? ஒரு மருத்துவனாக எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரம் பிள்ளைகளைத்தான் அதிகம் கொல்கிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை. நோலெசி அப்படியே தலைகீழ். சபா மாநிலத்திலும் சரவாக்கிலும் நோயாளிகளில் பெரும்பகுதி வளர்ந்த ஆண்கள். காடு திருத்துகிறவர், தோட்டத்தில் வேலை செய்கிறவர், வேட்டைக்குப் போகிறவர், வெட்டவெளியில் குடிசை போட்டுப் படுக்கிறவர். 2017இல் சபாவில் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்விலும் இதேதான்: பதினைந்து வயதைத் தாண்டிய ஆண், தோட்ட வேலை, வெளியே தூக்கம் எல்லாம் ஆபத்தைக் கூட்டின. காரணம் கொசுவின் குணம். இந்தக் கொசுக்கள் லியூகோஸ்பைரஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்த அனாபிலிஸ்கள். வீட்டுக்குள் வந்து கடிக்கும் ஜாதி இல்லை. மர உச்சியில் குரங்கைக் கடிக்கும், பொழுது சாய்ந்ததும் கீழே இறங்கி மனிதனைக் கடிக்கும். வீட்டுக்குள் கட்டிய கொசுவலை, காட்டில் நிற்பவனுக்கு என்ன செய்யும்?

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வராமல் இல்லை. வடக்கு சபாவின் கூடாட் பக்கம் ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்ததைப் பார்த்தார்கள். காட்டை வெட்டி வீட்டோரத்துக்கே தோட்டம் வந்துவிட்ட ஊர்களில் குரங்கும் கொசுவும் கூடவே வந்துவிடுகின்றன. ஆனால் பிள்ளைகளுக்கு நோய் லேசாகவே போகிறது. ரத்தசோகை வரும், தட்டணு குறையும், மருந்து கொடுத்தால் எழுந்து ஓடிவிடும். 2018இல் வெளியான சபா ஆய்வில் 481 நோலெசி நோயாளிகள். அதில் 44 பேர் சிறுவர் சிறுமியர், ஒருவருக்குக்கூடத் தீவிர நோய் இல்லை. பெரியவர்களில் 28 பேருக்கு, நூற்றுக்கு ஆறு பேருக்கு, தீவிரமானது. வயது ஏற ஏற ஆபத்து ஏறுகிறது.

தீவிரம் என்றால் என்ன? ஃபால்சிபாரம் மூளையைப் பிடித்து ஆளை நினைவிழக்கச் செய்யும். நோலெசியில் அந்த மயக்கம் பொதுவாக வருவதில்லை. இது சிறுநீரகத்தைப் பிடிக்கும், மஞ்சள் காமாலை தரும், மூச்சைத் திணறடிக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார், உள்ளே கிட்னி படுத்துக்கொண்டிருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் கிருமி 15,000 தாண்டினால் கவனம். கூடவே வயிற்று வலி இருந்தால் இன்னும் கவனம்.

இன்னொன்று. கபிட்டில் 107 நோயாளிகளை ஆராய்ந்த 2009 ஆய்வில், வந்த அன்றே 98 சதவீதம் பேருக்குத் தட்டணு குறைந்திருந்தது. மீதிப் பேருக்கும் ஒரு நாளுக்குள் குறைந்தது. 7 பேருக்குத் தீவிர நோய், 2 பேர் இறந்தார்கள்.

காய்ச்சல், உடம்பு வலி, தட்டணு குறைவு. கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? டெங்கு. நமக்கெல்லாம் பிளேட்லெட் என்றாலே டெங்குதான். பப்பாளி இலை தேடி ஓடுவோம். டெங்குக்குக் கிருமிக்கொல்லி மருந்து இல்லை, காத்திருந்து கவனிக்கணும். மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது, காத்திருக்கவே கூடாது. நோலெசிக்கு க்ளோரோகுயினும் கேட்கும், ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து அதைவிட வேகமாகக் கேட்கும், தீவிரமானால் ஆர்ட்டிசுனேட் ஊசி. நேரத்தோடு கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். இவ்வளவு நல்ல மருந்து இருக்கிற நோயில் ஒருவர் சாவது, பெரும்பாலும் பெயர் தெரியாததால் ஆகும் சாவு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

மலேரியா நம்ம மலைக்குப் புதுசில்லை. 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் பெரியாறு அணை கட்டியபோது காட்டுக் காய்ச்சலில் எத்தனை கூலிகள் போனார்கள் என்பதற்கு அணைப் பக்கத்துக் கல்லறைகள் சாட்சி. கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்று பின்னர் நிரூபித்த ரொனால்ட் ராஸ், 1897இல் ஊட்டிக்கு ஓய்வெடுக்கப் போய், சீகூர் மலைச்சரிவில் இறங்கித் தேடியபோது தானே மலேரியாவில் படுத்தார்.

அதே நீலகிரியில் 1961இல் ராமகிருஷ்ணனும் மோகனும் நம்ம நாட்டுக் குரங்குகளைப் பிடித்து ரத்தம் பார்த்தார்கள். உள்ளே மலேரியா இருந்தது. 1963இல் சௌத்ரி, வாட்டல், ராமகிருஷ்ணன் மூவரும் அதைக் கடத்தும் கொசுவையும் பிடித்துவிட்டார்கள்: அனாபிலிஸ் எலிகன்ஸ். மேலே சொன்னேனே, அதே லியூகோஸ்பைரஸ் கூட்டம். குரங்கு, கிருமி, கொசு, மூன்றையும் ஒரே மலையில் காட்டிய வேலை. கபிட் ஆய்வுக்கு நாற்பது வருஷம் முந்தியது. மெட்ராஸ் மாநில எல்லைக்குள் நடந்தது. நம்மில் எத்தனை பேர் மெடிக்கல் காலேஜில் இதைக் கேள்விப்பட்டோம்? நான் கேள்விப்படவில்லை.

நம்ம நாட்டுக் குரங்கிடம் இருப்பது நோலெசி இல்லை. நோலெசியின் சொந்த வீடான நீளவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடையாது. இந்திய எல்லைக்குள் நீளவால் குரங்கு வாழ்வது நிக்கோபார் தீவுகளில். அந்தமான் நிக்கோபார் நோயாளிகளிடம் நோலெசியின் மரபணு கிடைத்ததாக 2013இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2019இல் அங்கத்திய அனாபிலிஸ் சண்டைகஸ் கொசுவிலும் நோலெசியைக் கண்டார்கள். கல்கத்தாவில் கண்ணில் பட்ட கிருமி, எண்பது வருஷம் கழித்து இந்திய நோயாளியிடம் தட்டுப்பட்டிருக்கிறது.

நாட்டுக் குரங்குக்கு இயற்கையாக வருபவை சைனோமோல்கி, இனுயி, ஃப்ராஜைல். இதில் சைனோமோல்கி மனிதனுக்கு இயற்கையாகவே வந்ததை 2014இல் மலேசியாவின் திரங்கானுவிலிருந்து எழுதினார்கள், ஒரு பெண்மணிக்கு. தடவலில் அது அச்சு அசலாக வைவாக்ஸ் மாதிரி இருக்கும். புரிகிறதா? நோலெசி மலேரியேவின் சட்டையைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் திரிந்தது. சைனோமோல்கிக்கு வைவாக்ஸின் சட்டை கச்சிதமாகப் பொருந்தும். நம்ம ஊரில் வைவாக்ஸ் என்று எழுதுவதுதான் வழக்கம். மரபணுப் பரிசோதனை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் தினசரி வைத்தியத்தில் இல்லை, ஏனென்றால் மருந்து ஒன்றுதான். ஆனால் 2030க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று நாடு சொல்லும்போது, ஆராய்ச்சிக்காகவாவது யாராவது கேட்கணும். மலேசியா அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. 2018 முதல் அங்கே உள்ளூரில் பரவிய மனித மலேரியா ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நோலெசி. குரங்குக்கு யார் மாத்திரை கொடுப்பது?

இதைப் படித்துவிட்டு சுருளி அருவியில் குரங்கைப் பார்த்துக் கல்லெறியாதீங்க. தோட்டத்துக்கு வரும் குரங்கால் திராட்சை போகும், மலேரியா வராது. நான் சொல்வது வேறு ஆட்களைப் பற்றி. விடியக்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற ஆயிரக்கணக்கான நம்ம ஜனங்களைப் பற்றி. மலைத் தோட்டத்தில் தங்கி வேலை பார்ப்பவர்கள், அந்தமானில் கட்டட வேலைக்குப் போனவர்கள், மலேசியத் தோட்டத்திலிருந்து லீவில் வந்தவர்கள். காய்ச்சலோடு வந்தால் "தட்டணு எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். "எங்கே போயிருந்தீங்க, ராத்திரி எங்கே படுத்தீங்க?" என்று கேட்பதில்லை. நானும் பல நாள் கேட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது கேட்கிறேன். மலை, காடு, வெளிநாடு என்று பதில் வந்தால் டெங்கு பரிசோதனையோடு மலேரியாத் தடவலும் எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கார்டு டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அதோடு விடுவதில்லை, நோலெசியை அது நிறைய தவறவிடும்.

பெரியவர் அடுத்த மாதம் மாத்திரைக்கு வந்தார். மகன் மூன்றாம் நாளே நன்றாகி, வேலைக்கும் போய்விட்டானாம். அவருக்கு வேறு கவலை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான், வீட்டில் கைக்குழந்தை இருக்கு. "அவனைக் கடிச்ச கொசு எங்களைக் கடிச்சா?"

வைவாக்ஸ் மாதிரி கல்லீரலில் பதுங்கி, மாசக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும் வேலை நோலெசிக்குக் கிடையாது. மருந்து முழுசாகச் சாப்பிட்டாச்சு, ரத்தத்தில் கிருமி இல்லை. "தாராளமா வரச் சொல்லுங்கய்யா" என்றேன். அடுத்த முறை ஒரு பை திராட்சையோடு வந்தார். சுகர் பேஷன்ட் கையில் திராட்சைப் பை. உங்களுக்கா எனக்கா என்று கேட்டேன், சிரித்தார்.